ஒக்தாவ் அப்பப்பாவுக்கு ஒரு மெழுகுதிரி

செத்தவர்கள் மேல் கோபம் வைத்திருக்கக் கூடாது. இதை வருடா வருடம் கோயிலில் சொல்கிறார்கள், நானும் வருடா வருடம் தலையாட்டுகிறேன். வேலிச் சண்டைக்கு வந்தவர், என் வலையை வேண்டுமென்றே அறுத்தவர், கலியாண வீட்டில் என்னைப் பந்தியிலிருந்து எழுப்பியவர் என்று எல்லாரையும் அவர்கள் மண்ணுக்குள் போன அன்றைக்கே மன்னித்துவிட்டேன். ஒரே ஒரு ஆளைத் தவிர. அந்த ஆள் செத்தபோது என் தகப்பனே பிறந்திருக்கவில்லை. அவர் செத்த ஊரை நான் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. இருந்தும் அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

பிள்ளைகளே, போன நவம்பரில் சேமக்காலைக்குப் போனபோது நீங்கள் கேட்டீர்கள். அப்புவுக்கு ஒரு திரி, ஆச்சிக்கு ஒரு திரி, கடலில் போன சித்தப்பாவுக்கு ஒரு திரி கொளுத்திய பிறகு, உங்கள் அம்மா இன்னொரு மெழுகுதிரியை மணலில் குத்தி, "இது ஒக்தாவ் அப்பப்பாவுக்கு" என்றாள். கல்லறை எங்கே என்று சின்னவள் கேட்டாள். பாரிசுப் பக்கம் என்றாள் அம்மா. எங்களுக்குப் பாரிசில் சொந்தக்காரர் இருக்கினமோ என்று மூத்தவன் ஆசையோடு என்னைப் பார்த்தான். நான் சத்தம் போட்டேன். பக்கத்துக் கல்லறையில் செபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் போட்டேன். அதற்குக் காரணம் என்ன என்று இப்போது எழுதுகிறேன். எழுத்தில் நான் பெரிய ஆள் இல்லை. எஸ்.எஸ்.சி. எழுதித் தவறியவன். (இரண்டாம் முறை எழுதியதைப் பற்றி இங்கே பேச்சில்லை.)

தலைமன்னாரில் இராமேஸ்வரத்துக் கப்பல் ஓடிய காலம். எங்கள் கோயில் பங்கில் ஒரு பிரெஞ்சுச் சுவாமி குருவாக இருந்தார். நெஞ்சுவரைக்கும் வெள்ளைத் தாடி. தமிழைச் செபப் புத்தகத்திலிருந்து படித்தவர் என்பதால் மீன் வாங்கினாலும் பிரசங்கம் மாதிரித்தான் இருக்கும். "இந்தப் பாரை மீன் இன்றைய தினத்துக்குரியதோ, சகோதரி?" என்று கேட்பார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. (கொஞ்சம் இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.)

மன்னார்ப் பட்டணத்தில் விடுதியில் நின்று படித்துவிட்டு, சோதனையில் தவறி, நான் ஊருக்குத் திரும்பியிருந்தேன். வயது இருபது. வேலை இல்லை, கடலுக்குப் போக மனமில்லை, என்னை ஒருவருக்கும் விளங்கவில்லை என்ற எண்ணம் மட்டும் நிறைய இருந்தது. பின்னேரங்களில் நானும் அல்போன்சும் மஜீதும் சுவாமியின் அறைவீட்டு வாசலில் போய்க் குந்துவோம். அல்போன்ஸ் கப்பல் துறையில் கூலிக்குச் சாமான் நிறுப்பவன், கவிஞன். அவன் கவிஞன் என்று அவன்தான் சொன்னான். மஜீத் தேத்தண்ணிக் கடைக்காரரின் மகன், கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும்.

ஒருநாள் சுவாமி தன் பாட்டனாரின் தமையனைப் பற்றிச் சொன்னார். பெயர் ஒக்தாவ். தமிழ் உறவுமுறையில் சுவாமிக்குப் பெரிய மோகம், ஆகையால் "என் ஒக்தாவ் அப்பப்பா" என்றே சொல்வார். அந்த ஒக்தாவ் பாரிசில் ஒரு நாலு பக்கப் பத்திரிகையின் ஆசிரியர். செவ்வாய்க்கிழமை தோறும் அவர் வீட்டில் கவிஞர்களும் சித்திரக்காரர்களும், ஒரு நாவலின் முதலாம் அத்தியாயத்தை ஆயுள் முழுக்கத் திருத்திக்கொண்டிருந்த ஒருவரும் கூடி, அவருடைய சூப்பைக் குடித்துவிட்டு உலகத்தைத் திட்டுவார்களாம். ஒக்தாவ் கைபிடி வைத்த கதிரையில் இருந்து கேட்பாராம். அண்மையில் வந்த புத்தகம் எப்படி என்று வாசலிலேயே ஒரு கேள்வி. நல்லது என்று சொன்னவருக்குச் சூப் இல்லை, அப்படியே வீட்டுக்குப் போகலாம்.

நாடகம் பார்க்கக் கூட்டமாகப் போவார்களாம். முன்வரிசையில் ஒக்தாவ் கால்மேல் கால் போட்டு இருப்பார். அவர் கொட்டாவி விட்டால் அந்த நாடகம் அடுத்த கிழமை இல்லை. பத்திரிகையில் எவர் எழுதியதற்கும் கீழே பெயர் வராது. எல்லாவற்றுக்கும் ஆசிரியர்தான் பொறுப்பு. கோபம் வந்தவர்கள் கறுப்பு உடுப்புப் போட்ட இரண்டு பேரை அவரிடம் அனுப்புவார்கள், மறுநாள் விடிய ஒரு காட்டுக்குள் வாள்சண்டை நடக்கும். இதைச் சொல்லும்போது சுவாமி எழும்பி, பீடத்து மெழுகுதிரி அணைக்கிற கோலை எடுத்து, எங்கள் மூக்குக்கு முன்னால் வீசிக் காட்டினார்.

"ஒருநாள் ஒரு நடிகர் ஒக்தாவ் அப்பப்பாவிடம் ஆட்களை அனுப்பினார்..." என்று தொடங்கும்போது, தலைமன்னாரில் சாகக்கிடந்த ஒரு கிழவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வரச்சொல்லி ஆள் வந்துவிட்டது. சுவாமி சைக்கிளில் ஏறிக்கொண்டே, "இருங்கள், பிள்ளைகளே. கதையின் சாரம் இனிமேல்தான் வருகிறது" என்றார்.

நாங்கள் இருக்கவில்லை. சாரம் யாருக்கு வேண்டும்? வாள் கிடைத்துவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமையே எங்கள் இலக்கிய வட்டம் கூடியது. கடற்கரைப் பெருக்கமரத்தின் கீழே, கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில். சூப்புக்குப் பதில் மஜீத் வீட்டிலிருந்து பாணும் சீனிச்சம்பலும். கைபிடி வைத்த கதிரை இல்லாமல் ஆசிரியர் இல்லை என்பதால், அப்புவின் சாய்மனைக் கதிரையைத் தலையில் தூக்கிக்கொண்டு கிழமைக்கு ஒருதரம் மணலில் நடந்தேன். எனக்கு முதுகில் ஏதோ வருத்தம் என்று நினைத்து என் அம்மா வேப்பெண்ணெய் தடவிவிட்டா. தமிழ்நாட்டிலிருந்து வந்த புத்தகம் ஒன்றும் எங்களுக்குப் பிடிக்கவில்லை. (ஒன்றையும் நாங்கள் வாசித்திருக்கவில்லை. அந்தச் சிரமம் ஒக்தாவ் கதையில் வரவில்லை.)

பத்திரிகையின் பெயர் "வேளா". மூக்கில் இரண்டு பக்கமும் பல் வைத்த வாளோடு திரிகிற மீன். ஒரே ஒரு பிரதி, மஜீதின் கையெழுத்தில். அவன் வாப்பாவின் தேத்தண்ணிக் கடைக் கதவில் ஒட்டுவது என்று முடிவு. தலைப்புக்குக் கீழே சிவப்பு மையில் இப்படி எழுதச் சொன்னேன்: "இதில் வருவது அனைத்துக்கும் ஆசிரியரே பொறுப்பு. ஆட்சேபம் உள்ளவர் அவரிடம் வரலாம்." அதைப் பார்த்துப் பார்த்து நானே புல்லரித்தேன். இன்றைக்கு அந்த இருபது வயதுக்காரன் என் முன்னால் வந்து நின்றால் கன்னத்தில் ஒன்று கொடுத்த பிறகுதான் பெயரைக் கேட்பேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் கோயில் புனிதர் சந்தியோகுமையோரின் திருநாள் வந்தது. திருநாளுக்கு எங்கள் ஊரில் வாசாப்பு ஆடுவார்கள். பாட்டாலேயே நடக்கும் வேதக் கூத்து. அந்த வருடம், ஒரு வேதசாட்சியைக் கொன்றுவிட்டுப் பிறகு மனந்திரும்புகிற அரசன் ஒருவனின் கதை. அரசனாக ஆடியவர் சூசையப்பு, உங்கள் சூசை மாமா.

மாமாவின் பாட்டு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அவருக்கு வயது முப்பதுகூட இல்லை, குரல் இன்னும் பலமாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். நான் முன்வரிசையில் சாய்மனைக் கதிரையைப் போட்டு, கால்மேல் கால் போட்டு, ஊருக்கே தெரியக் கொட்டாவி விட்டேன். பின்னாலிருந்த ஒரு மனிசி இரங்கி, "நித்திரை வந்தால் இதிலை படு ராசா" என்று பாயை நீட்டினா.

மறுநாளே "வேளா" வெளிவந்தது. விமர்சனத்தை மூன்று பேரும் சேர்ந்து எழுதினோம். அண்ணாவியார், அதாவது கூத்தைப் பழக்கிய ஆசான், இன்னும் பழைய காலத்தில் நிற்கிறார் என்று நான் எழுதினேன். பின்னால் நின்று அடியைத் திருப்பிப் பாடும் பிற்பாட்டுக்காரர்களைப் பற்றி எழுதியதும் நான்தான்: "இவர்கள் அவசரக்காரர். அரசர் அடியை முடிக்குமுன்பே விழுந்து பாடி, அவர் குரலைக் கேட்கவிடாமல் செய்கிறார்கள். இனிமேலாவது பொறுமை காக்க." கடைசி வரி மட்டும் அல்போன்சுடையது. பிள்ளைகளே, அதை அடிக்கோடு போட்டு எழுதுகிறேன். அல்போன்சுடையது. "அரசர் வாய் திறந்ததும், தங்களில் ஒன்றைக் காணவில்லையென்று நினைத்துத் தீவிலுள்ள கழுதைகளெல்லாம் கோயில் முற்றத்துக்குத் தேடி வந்தன."

அதைக் கேட்டு நான் மணலில் உருண்டு சிரித்தேன். ஆசிரியர் என்ற முறையில் ஒப்புதல் கொடுத்தேன்.

காலையில் கடலால் வந்தவர்கள் தேத்தண்ணி குடிக்கும் நேரம். அல்போன்ஸ் கடைக் கதவுக்கு முன்னால் நின்று, குரலை ஏற்றி இறக்கி வாசித்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் ஏசவுமில்லை. ஒவ்வொருவராகக் கிளாசை வாங்குப் பலகையில் வைத்துவிட்டு, தேத்தண்ணி பாதியில் நிற்க, எழும்பிப் போனார்கள். எங்கள் கடற்கரையில் ஒரு மனிதன் குடித்த தேத்தண்ணியைப் பாதியில் வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று இந்தத் தீவில் பிறந்த நாய்க்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. "பாரிஸ் நடுங்குது" என்று மஜீதின் காதில் சொன்னேன்.

வீட்டுக்குப் போனேன். அம்மா ஈர்க்குக்கட்டோடு வாசலில் நின்றா. முற்றம் கூட்டுவதற்கு என்றுதான் நினைத்தேன்.

அடிக்கு நடுவில் அவ சொன்னதைத் தொகுத்துச் சொல்கிறேன். நான் விடுதியில் நின்ற மாதங்களில், சூசையப்புவின் தங்கச்சி நெருப்புக்காய்ச்சலில் கிடந்திருக்கிறாள். பேச்சு நின்று, கண் சொருகி, சுவாமியைக் கூப்பிடுகிற நிலைக்குப் போய்விட்டது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. அண்ணன்தான் வளர்த்தவர். அவள் எழும்பினால் திருநாளுக்கு அரசனாகப் பாடுகிறேன் என்று சூசையப்பு சந்தியோகுமையோரின் காலடியில் விழுந்து நேர்ந்திருக்கிறார். பிள்ளை எழும்பிவிட்டாள். மனிதர் பாட வந்துவிட்டார். அவருக்குப் பாட்டு வராது என்று அண்ணாவியாருக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். அதனால்தான் பிற்பாட்டுக்காரர்கள் அவர் வாயைத் திறந்தவுடனே ஒன்றாக விழுந்து, அவரைத் தோளில் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு பாடியிருக்கிறார்கள். மாதக்கணக்காகப் பழகிய வித்தை அது. அதைத்தான் நான் அவசரம் என்று எழுதியிருக்கிறேன்.

"நேர்த்திக்குப் பாடினவனுக்குப் புள்ளி போட நீ ஆரடா?" என்று கேட்டா அம்மா.

(அந்தத் தங்கச்சியின் பெயர் றோசலின். யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. காலையில் அவள் கையால்தான் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கிறீர்கள்.)

அன்று பின்னேரமே அவளுக்குக் காய்ச்சல் திரும்ப வந்தது. செய்தி வேலிக்கு வேலி ஓடியது. நேர்த்தியைப் பகிடி பண்ணியபடியால் அது ஏற்கப்படவில்லை என்று பெண்கள் சொன்னார்கள். அதுவரைக்கும் எனக்குப் பயமில்லை. ஒரு பிள்ளை படுக்கையில் கிடக்கிறாள், அது என் சிவப்பு மைக்குக் கீழே நடக்கிறது.

இலக்கிய வட்டத்தைத் தேடிப் போனேன். கவிஞர் அல்போன்ஸ் அவர்கள் இராமேஸ்வரத்தில் ஒரு மாமாவைப் பார்க்க வேண்டுமென்று திடீரென நினைவு வந்து அடுத்த கப்பலில் ஏறியிருந்தார். மஜீதை அவன் வாப்பா காதில் பிடித்து, மறிச்சுக்கட்டியில் தமக்கை வீட்டு வயலுக்குப் பன்றிக் காவலுக்கு அனுப்பிவிட்டார். மஜீதையாவது அனுப்பினார்கள். அல்போன்ஸ் தானாகப் போனான். ஒருத்தன் கடலுக்கு அந்தப் பக்கம், ஒருத்தன் காட்டுக்கு இந்தப் பக்கம், நடுவில் ஆசிரியரும் அவருடைய சாய்மனைக் கதிரையும்.

அடுத்த நாள் மூன்று பேர் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். நடுவில் சூசையப்பு, இரண்டு பக்கமும் அண்ணாவியாரும் கோயில் மூப்பரும். கறுப்பு உடுப்பு இல்லையே தவிர, சுவாமி சொன்ன அதே ஒழுங்கு. வாள்சண்டைதான் என்று முடிவு கட்டினேன். சுவரில் சாத்தியிருந்த துடுப்பைக் கண்ணால் அளந்தேன்.

அம்மா தேத்தண்ணி கொடுத்தா. மூன்று பேரும் தொடவில்லை. சூசையப்பு உடுத்திருந்த சாரத்தை ஒதுக்கிக்கொண்டு நிலத்தில் எனக்கு முன்னால் இருந்தார்.

"தம்பி, நீ படிச்ச பிள்ளை. எனக்குப் பாட்டு வராது எண்டு எனக்குத் தெரியும். வராததைத்தானே நேர்ந்தனான். வாறதைச் செய்தால் அது நேர்த்தியோ? ஆனா ஆகக் கூடாமப் போன இடம் எது எண்டு மட்டும் சொல்லு. அதைத் திருத்தித் திருப்பிப் பாடுறன். அவளுக்குக் காய்ச்சல் விடேல்லை."

பிள்ளைகளே, அந்த மனிதர் சண்டைக்கு வரவில்லை. நான் எழுதியதை நம்பி, பாடம் கேட்க வந்திருக்கிறார். அவர் ஒரு அறை விட்டிருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? காலில் விழ வேண்டும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தாளம் கொஞ்சம் பிசகிப்போச்சு" என்றேன்.

"எந்தத் தாளம்?" என்றார் அண்ணாவியார்.

எனக்கு ஒரு தாளத்தின் பெயரும் தெரியாது. "மற்றத் தாளம்" என்றேன்.

அண்ணாவியாருக்கு முகம் கறுத்தது. மெலிந்த மனிதர், மத்தளம் அடித்து அடித்து விரல்கள் மரக்கட்டை மாதிரி. மெதுவாகத்தான் பேசினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, கோயில் முற்றத்தில், பகல் வெளிச்சத்தில், அரசன் சபைக்கு வரும்போது பாடுகிற வரவுப் பாட்டைச் சூசையப்பு திருப்பிப் பாடுவார். நானும் உடுப்புக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று, அடிக்கு அடி அதே வரவைப் பாட வேண்டும். "பிழைக்கிற இடத்திலை நீ திருத்து. எழுதத் தெரிஞ்சவனுக்குப் பாடத் தெரியாமல் இருக்குமே?"

கழுதை வரி என்னுடையது இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அல்போன்சின் பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போது அம்மா, கடைக் கதவிலிருந்து கிழித்துக்கொண்டு வந்த "வேளா"வை விரித்து, எழுத்துக் கூட்டி வாசித்தா. "இதில் வரு-வது அனைத்-துக்கும் ஆசி-ரியரே பொறு-ப்பு." வாசித்துவிட்டு என்னைப் பார்த்தா. நான் வாயை மூடினேன்.

ஞாயிறு வந்தது. ஆனி, ஆடியில் எங்கள் தீவில் சோழகம் வீசுகிற வீச்சு உங்களுக்குத் தெரியும், கண்ணைத் திறந்தால் மணல். அரசனுடைய கரப்புடுப்பு என்பது இடுப்பைச் சுற்றிப் பிரம்பு வளையம் கட்டி, அதன்மேல் துணி போர்த்து, கண்ணாடித் துண்டு தைத்தது. கோழி மூடுகிற கரப்பை இடுப்பில் மாட்டிக்கொண்டதுபோல இருக்கும். அரசன் உடுப்பு ஒன்றுதான், அது சூசையப்புவுக்கு. எனக்கு அரசியின் உடுப்பு. ரோசாப்பூ நிறம்.

ஊர் முழுக்க வந்திருந்தது. மறிச்சுக்கட்டி இருக்கிற முசலிப் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வந்ததாகச் சொல்கிறார்கள். (இந்தச் செய்தியை மறிச்சுக்கட்டியில் பரப்பியது யார் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். மஜீதை மன்னிக்காததற்கு அது ஒன்றுதான் காரணம்.) கோயில் வாசலில் ஒரு கதிரையில், போர்வைக்குள் மூடி, றோசலினை வைத்திருந்தார்கள். கன்னமெல்லாம் உள்ளே போய், கண் மட்டும் தெரிந்தது. இரண்டு நாளாகக் கஞ்சிகூட வேண்டாமென்று முகத்தைத் திருப்பியவள். நேர்த்தி திருப்பிச் செலுத்துவதை அவள் பார்க்க வேண்டுமென்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.

மத்தளம் தொடங்கியது. சூசையப்பு ஓரடி முன்னுக்கு வந்து வாயைத் திறந்தார். அந்தக் கணத்திலேயே பிற்பாட்டுக்காரர் அத்தனை பேரும் ஒன்றாக விழுந்து பாடினார்கள். அவர் குரல் அந்தக் குரல்களுக்குள் போய், பெரிய வள்ளத்துக்குள் ஏறிய பாரம்போல அப்படியே மிதந்தது. கண்ணை மூடிக்கொண்டு பாடினார். அன்றைக்குத்தான் முதன்முறையாக அதைக் கேட்டேன் என்று நினைக்கிறேன். கூத்தன்று நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அண்ணாவியார் என் பக்கம் திரும்பித் தலையை அசைத்தார்.

நான் பாடினேன். "வந்தேனே" என்று தொடங்கும் அடி. என் குரல் எங்கே போயிற்று என்று தெரியாது, வெளியே வந்தது வேறு யாருடையதோ. அடி முடிகிறது, பிற்பாட்டுக்காரர் எடுக்கப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"பொறுமை காக்கிறம்" என்றார் அவர்களில் மூத்தவர்.

பிள்ளைகளே, ஒரு அடியைத் தனியாகப் பாடிவிட்டு, அது காற்றில் தனியாகத் தொங்குவதைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்கக் கூடாது. அடுத்த அடியைப் பாடினேன், பொறுமை காத்தார்கள். அதற்கு அடுத்ததையும் காத்தார்கள். இதற்குள் சோழகம் அரசி உடுப்பின் கீழே புகுந்துவிட்டது. பிரம்பு வளையம் வள்ளத்துப் பாய்போல உப்பியது. நான் ஒரு அடி பாடுகிறேன், காற்று என்னை இரண்டடி தள்ளுகிறது. நின்ற இடத்தில் நிற்பதற்குக் காலை மணலில் ஊன்றிக் குனிந்தபடி, அரசனின் வீரத்தை ரோசாப்பூ நிறத்தில் பாடிக்கொண்டு, மெல்ல மெல்லச் சேமக்காலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். இலக்கிய வட்டம் இல்லை. ஒக்தாவும் இல்லை. அந்த ஆளை முதன்முதலாக மனதாரத் திட்டியது அப்போதுதான்.

முற்றத்து ஓரப் பெருக்கமரத்தின் கீழே ஒரு கிழட்டுக் கழுதை படுத்திருந்தது. காலையிலிருந்து அங்கேதான். பூசை மணிக்கு அசையவில்லை, மத்தளத்துக்கு அசையவில்லை, மாமாவின் பாட்டுக்கும் அசையவில்லை. நான் அந்த நெடிய அடியை, ஆகாயத்துக்கு ஏற்றி முடிக்க வேண்டிய அடியை, ஏற்றினேன். கழுதை காதை ஒருமுறை ஆட்டியது. எழும்பியது. மணலை உதறியது. ஒருவரையும் பார்க்காமல், அவசரப்படாமல், கூட்டத்தைப் பிளந்துகொண்டு ரோட்டுப் பக்கம் நடந்துபோனது.

அரசன் வேசத்தில் நின்ற சூசையப்பு கழுதை போன வழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே யோசித்துச் சொன்னார்:

"தம்பி, என்ர பாட்டுக்கு அதுகள் வந்ததெல்லே. உன்ர பாட்டுக்கு எழும்பிப் போகுது."

முதலில் சிரித்தது கோயில் வாசலில் இருந்த போர்வை. அது குலுங்கியது. பிறகு உள்ளேயிருந்து ஒரு சத்தம், இருமலா சிரிப்பா என்று தெரியாமல். அண்ணன் கிரீடத்தை எறிந்துவிட்டு ஓடினார். றோசலின் கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டு, என்னைக் காட்டி, "அந்த ராணியைப் பிடியுங்கோ அண்ணா, மதிலிலை மோதப்போறார்" என்றாள். அதற்குப் பிறகுதான் ஊர் சிரித்தது. சிரிப்பு ஓய்ந்தபோது அவள் கஞ்சி கேட்டாள். பிற்பாட்டுக்காரரில் ஒருவர் வந்து என்னை வளையத்தோடு பிடித்து நிறுத்தினார்.

காய்ச்சலை இறக்கியது அப்போதிக்கரியின் மருந்துதான் என்று நான் இன்றைக்கும் வாதாடுவேன். மாமா சந்தியோகுமையோர் என்பார். உங்கள் அம்மாவைக் கேட்டால் கழுதை என்பாள். எப்படியோ, அந்தக் கிழமைக்குள் அவள் எழும்பி நடந்தாள். பாட்டு நடந்த ஞாயிறு பின்னேரமே சூசையப்பு எங்கள் வீட்டுக்கு வந்து, முன்பு தொடாமல் விட்ட தேத்தண்ணியைக் கேட்டு வாங்கி, அடிவரைக்கும் குடித்துவிட்டுப் போனார்.

நான் நேரே சுவாமியிடம் போனேன். கதையின் மிச்சத்தைச் சொல்லுங்கோ என்றேன். சொன்னார். அந்த நடிகனோடு சண்டைக்குப் போன காலையில், ஒக்தாவுக்குத் துணை நிற்க வேண்டிய கவிஞர்களில் ஒருவர்கூட வரவில்லையாம். சூப் குடித்த வாய் ஒன்றும் வரவில்லை. சமையல்காரி மட்டும் குடையோடு வந்து நின்றாளாம். நடிகன் அந்தக் கோலத்தைப் பார்த்து, வாளை உறையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். ஒக்தாவ் மறுநாளே பத்திரிகையை மூடிவிட்டு, நாட்டுப்புறம் போய், சாகும்வரைக்கும் தேனீ வளர்த்தாராம்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே, சுவாமி" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. குருவானவரிடம் அப்படிப் பேசியது அது ஒருமுறைதான்.

"மகனே, இதற்காகத்தான் அந்தக் கதையைத் தொடங்கினேன்" என்றார் சுவாமி. "நான் திரும்பி வந்தபோது வாசலில் ஒருவரும் இல்லை. என் மெழுகுதிரிக் கோலையும் காணவில்லை." (கோலை எடுத்தது அல்போன்ஸ்.)

அல்போன்ஸ் திருநாள் சந்தடியெல்லாம் ஓய்ந்த பிறகு கப்பலில் வந்து இறங்கினான். எனக்கென்று ஓலைக் குட்டானில் கருப்பட்டி கொண்டுவந்திருந்தான். அவன் இன்னும் உயிரோடு, சுகமாக இருக்கிறான். ஆகையால் அவனை மன்னிப்பதற்கு அவசரம் ஒன்றும் இல்லை.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். சில வருடம் கழித்து மூப்பர் என் வீட்டிலிருந்து சூசையப்புவிடம் பெண் கேட்டுப் போனபோது, அவர் தங்கச்சியைக் கூப்பிட்டுக் கேட்டாராம். "ராணியோ? ஓம்" என்றாளாம் உங்கள் அம்மா. அந்த வருடமே சேமக்காலையில் பாரிசுக்காரனுக்கும் ஒரு திரி வைக்கத் தொடங்கினாள். அந்த ஆள் இல்லாவிட்டால் தான் அன்றைக்குச் சிரித்திருக்க மாட்டேன் என்பது அவள் கணக்கு. திரியைக் காசு கொடுத்து வாங்குவது நான். அணையாமல் காற்றுக்குக் கையைப் பொத்திப் பிடிப்பதும் நான். பல்லைக் கடித்துக்கொண்டுதான் பிடிக்கிறேன்.

நான் எதைப் பற்றி அபிப்பிராயம் சொன்னாலும், கறிக்கு உப்பைப் பற்றியோ அரசாங்கத்தைப் பற்றியோ, மாமா ஏன் உடனே வாசற்பக்கம் எட்டிப் பார்க்கிறார் என்று இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். போன நவம்பரில், நான் உங்களைச் சத்தம் போட்டு அடக்கிய பிறகு, செத்தவர்களுக்கான பாட்டை நானே எடுக்கலாமென்று தொண்டையைச் செருமினேன். மாமா கையைக் காட்டி நிறுத்தினார். ஒக்தாவின் மெழுகுதிரியைக் கவனமாகத் தாண்டிப் போய், சேமக்காலை மதிலுக்கு மேலால் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். திரும்பி வந்து செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"பாடு மச்சான்" என்றார். "ஒண்டும் நிக்கேல்லை."